பண்டை வரலாறும் வினா ஊகமும்

தேர்வு நெருங்க நெருங்க மாணாக்கர் முதற்கண் ஆராய்வது, எந்தப் பாடத்தைப் படியாமல் விடலாம் என்பதையே ஆகும். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலும், கிள்ளான் நகரிலும் மாலை வேளைகளில் நடைபெறும் டியூஷன் வகுப்புகளில், எஸ்.பி.எம். தேர்வுக்குச் சில திங்கள் இருக்கும்போதே பழைய வினாத்தாள்கள் வெளிப்படும். எந்த ஆண்டில் எந்த இயலிலிருந்து என்ன வினா வந்தது என்று கட்டம் வரைந்து குறிப்பர். மூன்றாண்டு வாராத பகுதி இவ்வாண்டு வந்தே தீரும் என்பது ஒரு கட்சி. வாராத பகுதியை வினா அமைப்போர் மறந்தேவிட்டனர், ஆதலால் இனியும் வாராது என்பது மற்றொரு கட்சி. மலாய் மொழியில் 'ராமாலான்' எனப்படும் இவ்வூகத்தை மாணவர் பேச்சில் 'ஸ்பாட் பண்ணுதல்' என்பர். ஊக வினாத்தாள்கள் அச்சாகிப் புத்தகக் கடைகளில் விலைபோவதும் உண்டு.

இதனைச் சோம்பல் என்று கடிந்துவிடுதல் எளிது. ஆயினும் ஊகிக்கும் மாணவன் அறிவிலி அல்லன். வினாக்களை அமைப்போர் ஒரு பாடத்திட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே வடிவில் தாள் அமைக்கவேண்டியவர். வடிவம் நிலைத்துவிட்டால் ஊகத்துக்கு இடம் பிறக்கின்றது. எழுத்துத் தேர்வு எங்கெல்லாம் வேர் ஊன்றியதோ அங்கெல்லாம் இவ்வழக்கமும் உடன் ஊன்றியிருக்கக் காணலாம்.

அதன் மிகப் பழைய சான்று சீனத்தில் உள்ளது. அரசுப் பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் தேர்வு அந்நாட்டில் சுயி மரபினர் காலத்தில், கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்று, 1905 ஆம் ஆண்டில் நீக்கப்படும் வரையில் ஏறத்தாழ 1300 ஆண்டுகள் நடைபெற்றது. மிங் மரபினர் காலத்தில் நான்கு நூல்கள், ஐந்து மறைநூல்கள் எனப் பெயர் பெற்ற பழைய நூல்களிலிருந்து தொடர்களைத் தலைப்பாகத் தருவர். எட்டு உறுப்புகள் கொண்ட கட்டுரை வடிவில் விடை எழுதவேண்டும். 1613 முதல் 1682 வரை வாழ்ந்த கு யான்வு என்னும் பேரறிஞர், தாம் நாள்தோறும் கற்றறிந்தவற்றைத் தொகுத்த நூலில், 'தலைப்பை ஊகித்தல்' என்பதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கின்றார்.

அவர் காட்டும் காட்சி இன்றைய ஆசிரியர்க்கும் புதியதன்று. ஒரு மறைநூலில் வினாவாக வரத்தக்க தலைப்புகள் சில பத்துகளே. செல்வக் குடும்பத்தார் புகழ்பெற்ற புலவர்களை வீட்டுக்கு அழைத்துத் தங்கவைத்து, அத்தலைப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை எழுதச் செய்வர். கட்டுரைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி தருவர். பிள்ளைகளும், வீட்டுப் பணியாளருள் கூர்மதி உடைய சிறுவரும் அவற்றை நெட்டுருச் செய்வர். தேர்வு மண்டபத்தில் பத்துத் தலைப்புகளில் எட்டு ஒன்பது ஒத்துவரும். மனப்பாடம் செய்ததைப் படியெடுத்துத் தந்துவிட்டு வருவர். இதனால் மறைநூலை முழுவதும் ஒருமுறையேனும் படியாதவரே பட்டம் பெற்றனர் என்று கு யான்வு வருந்துகின்றார். சின் பேரரசன் நூல்களை எரித்ததால் விளைந்த கேட்டுக்கு இக்கட்டுரைத் தேர்வால் விளைந்த கேடு குறைந்ததன்று என்பது அவர் துணிபு. எரித்தவன் நூல்களை அழித்தான். ஊகித்தவரோ நூல்கள் கையில் இருக்கவே அவற்றைப் படியாது விட்டனர். இதற்கு அவர் கண்ட மருந்து, ஒரு நூலோடு நில்லாமல் மறைநூல்கள் அனைத்திலும் ஐயத்துக்குரிய இடங்களைப் பற்றி வினவுதல் என்பதாகும். நெட்டுருச் செய்த விடை ஐயத்துக்குப் பயன்படாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மலாயாவுக்கு வந்த தேர்வு சீனத்திலிருந்து நேரே வந்ததன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1858 இல் பள்ளி மாணாக்கர்க்கான தேர்வைத் தொடங்கியது. 1891 முதல் அத்தேர்வு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் நடைபெறலாயிற்று. 1893 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கோலாலம்பூர் விக்டோரியா நிலையம் முதலிய ஆங்கிலப் பள்ளிகளும் பின்னர் அதனைத் தழுவின. வினாத்தாள் இங்கிலாந்தில் அமைந்து கடல் கடந்து வரும்; விடைத்தாள் கப்பலேறித் திரும்பும். தேர்வாளர் இன்னார் என்று மாணவன் அறியான். மாணவன் வாழும் ஊர் எத்தகையது என்று தேர்வாளர் அறியார். இருவர்க்கும் இடையே இருந்த ஒரே பாலம் முந்தைய ஆண்டுகளின் வினாத்தாளே. கிள்ளான் ஆற்றங்கரையில் வாழ்ந்த சிறுவன், காணாத ஒருவர் மனத்தில் இருப்பதை அத்தாள்களைக் கொண்டே கணித்தான். நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய ஆண்டாகிய 1956 இல் தேர்வுக் கழகம் இங்கேயே நிறுவப்பெற்றது. காலப்போக்கில் தேர்வின் மொழியும் மலாயாயிற்று. வினா அமைப்போர் உள்நாட்டினராயினர். பழைய தாளைப் புரட்டும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இனி, பண்டை வரலாற்றுக்கு நேர்ந்ததைக் கணக்கிட்டே காணலாம். கே.பி.எஸ்.எம். எனப்பட்ட கலைத்திட்டத்தின்கீழ் எஸ்.பி.எம். வரலாற்றுப் பாடம் நான்காம் படிவத்தில் 10 இயல்களும் ஐந்தாம் படிவத்தில் 9 இயல்களுமாக 19 இயல்கள் கொண்டது. நான்காம் படிவ நூலின் முதல் மூன்று இயல்கள் பண்டை வரலாறு. மெசபொட்டேமியா, எகிப்து, சிந்துவெளி, மஞ்சளாறு ஆகிய நாகரிகங்களின் தோற்றம் முதல் இயலிலும், கிரேக்கம், உரோமாபுரி, இந்தியா, சீனம் ஆகியவற்றின் வளர்ச்சி இரண்டாம் இயலிலும், தென்கிழக்காசியத் தொல்லரசுகள் மூன்றாம் இயலிலும் அமைந்தன. இரண்டாம் தாளின் கட்டுரைப் பகுதியில் 7 வினாக்கள் தந்து 3 வினாக்களுக்கு விடை எழுதுமாறு பணிப்பர்.

ஏழு வினாக்களும் வெவ்வேறு இயல்களிலிருந்து வருவதாகக் கொள்வோர், முதல் மூன்று இயல்களையும் அறவே விட்டுவிட்டாலும் இழப்பது மிகுதியாக மூன்று வினாக்களையே. எஞ்சிய நான்கில் மூன்றை எழுதினால் போதும். எனவே கட்டுரைப் பகுதியைப் பொறுத்தவரையில், பண்டை உலகம் முழுவதையும் ஒரு மாணவன் படியாமலே முழு மதிப்பெண் பெறுவதற்குத் தடை யாதும் இல்லை. ஊகத்துக்குக்கூட அங்கே வேலை இல்லை! பத்தொன்பதில் பத்து இயல்களை மட்டும் குருட்டாம்போக்கில் தேர்ந்து படித்தவன் கதியும் மிக மோசமன்று. அவன் படித்த பத்தில் மூன்று வினாக்களேனும் வாராமற்போவது நூற்றுக்கு ஏறத்தாழ 13 முறையே. பழைய தாள்களை ஆராய்ந்து தேர்ந்தால் அந்த 13 உம் குறையும் என்று மாணவர் நம்புவர். குறுவினாக்களும் கட்டாயப் பகுதியும் இருந்தமையால் பண்டை வரலாறு முற்றிலும் கைவிடப்படவில்லை. ஆயினும் பெயர், ஆறு, அரசன் என்னும் துணுக்குகளாகவே அது பலர்க்குப் பயன்பட்டது.

இதில் மாணவன்மீது மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்குப் பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அச்சான்றிதழ் ஒன்றே அடுத்த தலைமுறையின் வாயில். 1982 இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற இயக்கங்கள் தமிழ் மாணாக்கரைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வதையே சமுதாயப் பணியாகக் கொண்டமைக்கும், கல்வி யாத்திரை என்று பத்துமலையில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடியமைக்கும் காரணம் அதுவே. வாயில் குறுகியதாக இருக்கும்போது, எவ்வாறு நுழைவது என்று கணக்கிடுதல் இயல்பு.

2013 ஆம் ஆண்டு முதல் அவ்வாயில் மேலும் குறுகிற்று. மலாய் மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாலன்றி எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லை என்னும் விதி அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே வரலாற்றுக்கு மூன்றாம் தாள் ஒன்றும் புகுந்தது. அதன் கருப்பொருளைத் தேர்வுக்கு முன்னரே அறிவித்துவிடுவர். மாணவர் நூல்களையும் குறிப்புகளையும் உடன்கொண்டு சென்று எழுதலாம். கருப்பொருளை முன்னே அறிவித்தால் ஊகம் ஒழியும் என்று எதிர்பார்த்தோரும் உண்டு. நிகழ்ந்தது வேறு. அறிவித்த கருப்பொருளுக்குள் எந்தெந்தக் கூறு கேட்கப்படும் என்று அடுத்த படியில் ஊகம் தொடங்கிற்று. அதற்கேற்ற குறிப்புத் தொகுப்புகளும் மாணவர் கையில் ஏறின. புதிய கலைத்திட்டத்தின்கீழ் நடைபெற்ற 2021 ஆம் ஆண்டுத் தேர்வில் அத்தாள் இல்லை. ஊகம் வேறு, களவு வேறு என்பதையும் இங்கே குறித்தல் வேண்டும். 2014 இல் ஆறாம் ஆண்டு மாணாக்கர்க்குரிய யு.பி.எஸ்.ஆர். தேர்வில் அறிவியல், ஆங்கிலத் தாள்கள் முன்னரே வெளியாகி, நாடெங்கும் சிறுவர் மறுதேர்வு எழுத நேர்ந்தது. அது ஊகத்தின் பாற்பட்டதன்று.

பிற பாடங்களில் ஊகத்தால் விளையும் இழப்பு ஓரளவே. பண்டை வரலாற்றில் அது பெரிது. ஏனெனில் இப்பாடத்தில் வினா மாறாதிருக்க விடை மாறிக்கொண்டே இருக்கும். கடாரம் எங்கே உள்ளது என்னும் ஒரு வினாவே இதற்குப் போதிய சான்று.

பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துப் பொருளையும் குறிக்கின்றது. காழகம் கடாரமே என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொள்கை. முதல் இராசேந்திரன் 1025 ஆம் ஆண்டளவில் கடற்படை செலுத்திக் கடாரத்தரசனை வென்ற செய்தியையும், வென்ற இடங்களின் வரிசையையும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. இவ்வளவும் தெரிந்திருந்தும், கடாரம் பர்மாவிலுள்ள பெகு நாட்டதே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர் சிலர் கருதினர். பெகுவில் கிடைத்த கற்றூண்களை இராசேந்திரனின் வெற்றித்தூண்கள் என்றும் கூறினர். பலரும் பாடநூலாகக் கற்ற வின்சென்ட் ஸ்மித்தின் இந்தியப் பண்டை வரலாற்றிலும் இக்கொள்கை இடம்பெற்றது. அந்நாளில் இவ்வினாவை ஊகித்துப் 'பர்மா' என்று மனப்பாடம் செய்த மாணவன் முழு மதிப்பெண் பெற்றிருப்பான்.

1918 இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேதே, சீனக் குறிப்புகளையும் கல்வெட்டுகளையும் ஒப்பிட்டு ஸ்ரீவிசயப் பேரரசை அடையாளம் காட்டினார். இராசராசன் காலத்தில் கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் தரப்பட்டதைக் கூறும் லெய்டன் செப்பேடுகள் இதற்குப் பெருந்துணையாயின. கடாரம் மலாயாவின் கெடாவே என்பது வரவர உறுதியாயிற்று. பர்மா என்று எழுதிய விடை அன்றோடு தவறாயிற்று.

அதன் பின்னரும் விடை ஓரிடத்தில் நிற்கவில்லை. குவாரிட்ச் வேல்ஸ் என்பார் 1936, 1937 ஆம் ஆண்டுகளில் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்து பழங்கோயில்கள் பலவற்றின் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தார். 1940 இல் வெளிவந்த அவர் ஆய்வின் தலைப்பிலேயே 'இந்தியக் குடியேற்றம்' என்னும் சொல் இருந்தது. இந்தியர் வந்து குடியேறி நாகரிகம் தந்தனர் என்பதே அக்காலத்து விடை. தமிழர் செவிக்கு அது இனித்ததில் வியப்பில்லை. பின்வந்த ஆய்வாளர், கடல்வணிகத்தால் வளம் பெற்ற உள்நாட்டுத் தலைவர்களே இந்தியச் சமயத்தையும் எழுத்தையும் அரசியல் வடிவங்களையும் தேர்ந்து மேற்கொண்டனர் என்னும் முடிவுக்குச் சாய்ந்தனர். அலஸ்டெயர் லாம் தலைமையில் 1960 ஆம் ஆண்டளவில் புக்கிட் பத்து பகாட் சண்டி மீண்டும் எழுப்பப்பெற்றது. (சண்டி என்பது மலாய் வழக்கில் பழங்கோயில்.) 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் சிதைவுகளும், காற்றூதும் மண்குழாய்களும் திரளாகக் கிடைத்தன. கோயில்களைக் கொண்டே அறியப்பட்ட ஊர் இரும்புத் தொழில் ஊராகவும் வெளிப்பட்டது. அத்தொழிலின் தொடக்கத்தைக் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளுக்குக் கொண்டுசெல்லும் கருத்து இன்னும் விவாதத்தில் உள்ளது.

மாநாவிகன் புத்தகுப்தன் கல்வெட்டும் இவ்வகையினதே. காப்டன் ஜேம்ஸ் லோ 1834 இல் செபராங் பிறையில் கண்டெடுத்த அக்கல், ஐந்தாம் நூற்றாண்டளவினது. அதில் குறித்த இரக்தமிருத்திகை, அதாவது செம்மண் நாடு, எங்கே இருந்தது என்று பல காலம் வாதிட்டனர். சீனர் குறித்த செம்மண் நாடு மலாயாத் தீபகற்பத்தில் இருந்ததால், அதுவே இதுவென்றோரும் இருந்தனர். 1962 இல் மேற்கு வங்காளத்து ராஜ்பாடிடாங்காவில் நடந்த அகழாய்வில் இரக்தமிருத்திகை மகாவிகாரத்தின் பெயர் பொறித்த முத்திரை கிடைத்த பின்னரே, அக்கப்பல் தலைவன் ஊர் வங்காளம் என்பது பெரும்பாலோர்க்கு ஏற்புடையதாயிற்று. கு யான்வு கேட்கச் சொன்ன ஐயவினாக்கள் இத்தகையனவே. இவற்றுக்குச் சான்றுகளை எடைபோடுபவன் விடை எழுதலாம். விடையை வாங்கி வந்தவன் எழுதல் இயலாது.

1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்ற நகரம் கோலாலம்பூர். மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்த தனிநாயக அடிகளார் அதற்கு முன்னின்றார். பண்டைத் தமிழரின் கடல்கடந்த தொடர்பு பற்றிய ஆராய்ச்சி அந்நகரில் புதியதன்று. எனினும் ஆராய்ச்சி மண்டபத்துக்கும் பள்ளி வகுப்புக்கும் இடையே இருந்த தொலைவு சிறிதன்று.

அத்தொலைவைக் காட்டக் கெடா வரையில் போகவும் வேண்டா. கிள்ளானிலேயே பண்டை வரலாறு மண்ணுக்குள் கிடந்தது. கிள்ளான் அருகே கிடைத்த வெண்கல மணி ஒன்று இன்று இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஈராயிரம் ஆண்டளவு பழமையுடைய இவ்வகை மணி கம்போடியாவிலும் கிடைத்திருக்கின்றது. கிள்ளான் புக்கிட் கூடாவில் வெண்கல முரசின் பகுதி கிடைத்தது. 1964 இல் கிள்ளானுக்குத் தெற்கே, பந்திங் அருகிலுள்ள கம்போங் சுங்கை லாங்கில் இரண்டு முரசுகள் வெளிப்பட்டன. படகின் பகுதி எனக் கருதப்படும் மரப்பலகையின்மீது அவை வைக்கப்பட்டிருந்தன. வட வியத்நாமின் டோங்சோன் ஊர்ப் பெயரால் வழங்கும் முரசு வகையைச் சேர்ந்தவை இவை. சோழர் கடாரம் நோக்கிக் கப்பல் விட்டதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கிள்ளான் கழிமுகத்துக்கும் வியத்நாமுக்கும் தொடர்பு இருந்தமைக்கு இவை கரி. தைகிரிசு, யூப்பிரட்டீசு ஆறுகளின் பெயரை ஊக வினாவுக்காக மனப்பாடம் செய்த கிள்ளான் மாணவருள், தம் ஊர் ஆற்றங்கரையில் கிடைத்த மணியைப்பற்றிக் கேள்வியுற்றவர் மிகச் சிலரே எனலாம். அது வினாத்தாளில் வரும் என்று எவரும் சொல்லவில்லை.

வரலாற்றில் தேர்ச்சி கட்டாயமான அந்த 2013 ஆம் ஆண்டின் இறுதியிலேதான், பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தியும் வெளிவந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகக் கருதப்பட்ட அதன் அடித்தளத்தை, வீடுகள் கட்டுவதற்காக நிலத்தைச் சமன்செய்தோர் பெயர்த்துவிட்டனர். நிலம் தனியாருடையது, மரபுடைமையாக அரசிதழில் அறிவிக்கப்படாதது என்பது அப்பொழுது கூறப்பட்ட விளக்கம். செய்தி வெளியான பின்னர் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நாட்டின் ஒவ்வொரு மாணவனும் வரலாற்றில் தேர்ந்தாக வேண்டும் என்று விதித்த ஆண்டிலேயே இது நிகழ்ந்தமை ஆசிரியர் உள்ளத்தை உறுத்தத்தக்கது.

அதற்குப்பின் பாடத்திட்டம் மாறிற்று. 2017 முதல் பண்டை நாகரிகங்கள் முதற்படிவப் பாடமாயின. 2020 முதல் நான்காம் படிவ நூல் நாட்டு உருவாக்கத்தையே பெரிதும் பேசுகின்றது. மூன்றாம் படிவ முடிவில் நடைபெற்ற பி.டி. 3 தேர்வும் 2022 இல் நீக்கப்பட்டது. ஆகவே சிந்துவெளியும் எகிப்தும் உரோமாபுரியும் இன்று பதின்மூன்று வயதுச் சிறுவர் வகுப்பில் பயில்பவை; எஸ்.பி.எம். ஊகப் பட்டியலில் அவற்றுக்கு இடம் இல்லை. மதிப்பெண் இல்லாத பாடத்தை யார் மதிப்பர் என்று கவலையுறும் ஆசிரியர் உண்டு. அக்கவலையில் உண்மையும் உண்டு. ஆயினும் ஊகத்தின் பிடி தளர்ந்த இப்போதுதான் கு யான்வு விரும்பிய ஐயவினாவுக்கு வகுப்பில் இடம் கிடைத்திருக்கின்றது என்பதும் உண்மையே.

பிரிக்பீல்ட்ஸ் மாணாக்கர்க்கு இடமும் தொலைவில் இல்லை. 1963 இல் திறக்கப்பெற்ற தேசிய அருங்காட்சியகம் சென்ட்ரல் நிலையத்துக்கு அடுத்தாற்போல் நிற்கின்றது. 2017 முதல் நிலையத்திலிருந்து மூடுபாதை வழியே நடந்தே செல்லலாம். அங்குள்ள முன்னைக்கால வரலாற்றுக் கூடத்தில் டோங்சோன் வகை வெண்கல முரசைக் காணலாம். அதனை வார்த்தவர் யாவர், படகுப் பலகையின்மீது வைத்தது எதற்காக என்று வகுப்பில் கேட்கத் தொடங்கிய ஆசிரியர்க்கு ஒரு பாடவேளை போதாது.